இதில் கம்பெனியின் பெயர் எங்கே?

2022 ஜூலையில், எங்கள் துறையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி பதினாறு நாள் வகுப்புக்கு வரவில்லை. அந்தப் பதினாறின் பொருள் அவள் திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. அம்மாவுக்குக் காரியம் முடித்துவிட்டு வந்திருந்தாள்.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுடைய அம்மா சித்தாள். ஐந்தாவது மாடியில், லிஃப்ட் வர வேண்டிய குழியின் வாயில் தடுப்பு எதுவும் இல்லை. தலையில் கலவைச் சட்டியோடு நடந்தவர் அதற்குள் விழுந்துவிட்டார். வயது 40.

மாணவி என் மேசைமேல் ஒரு காகிதத்தை விரித்தாள். முதல் தகவல் அறிக்கையின் நகல்.

"அம்மா, இதுல கம்பெனி பேரு எங்க இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? நான் மூணு தடவ படிச்சிட்டேன்."

நானும் மூன்று தடவை படித்தேன். அறிக்கையின் ஏழாவது பகுதி குற்றம்சாட்டப்பட்டவரின் விவரம். அதில் ஒரே ஒரு பெயர், மேஸ்திரியின் பெயர். பேருந்துகளின் முதுகிலும் ஜி.எஸ்.டி. சாலையின் விளம்பரப் பலகைகளிலும் நாங்கள் தினமும் பார்க்கிற அந்தக் கட்டுமான நிறுவனத்தின் பெயர், 'சம்பவ இடம்' என்பதற்குக் கீழே, முகவரியின் ஒரு பாகமாக மட்டும் இருந்தது.

மேஸ்திரி அவளுக்குச் சித்தப்பா முறை. திருவண்ணாமலைப் பக்கமிருந்து அவள் பெற்றோரை வேலைக்கு அழைத்துவந்து தாம்பரத்தில் வீடு பார்த்துக் கொடுத்தவர். "கேஸ நடத்துனா சித்தப்பா ஜெயிலுக்குப் போவாரு. நடத்தலன்னா யாருமே போக மாட்டாங்க. அப்பா எதுவும் பேச மாட்டேங்குறாரு" என்றாள். அதற்குள் மூன்று லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கைமாறியிருந்தது. அப்பா எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் சட்டம் படித்தவள் அல்ல. அவள் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெயர் அந்த இடத்தில் எழுதப்படாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கும் என்று தோன்றியது. அதைத் தேடிப் படித்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

*

தமிழில் படித்த யாரும் இந்தக் கேள்வியைத் திருவாரூரில் இருந்துதான் தொடங்குவார்கள். அரசகுமாரனின் தேர்ச்சக்கரத்தில் கன்று சாகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் மகனைத் தேர்க்காலில் இடும்படி அமைச்சனிடம் சொல்ல, அமைச்சன் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பிறகு அரசனே தேரை ஓட்டுகிறான். மனு என்ற பெயரோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. உயிருக்கு உயிர் என்பதும் என் நீதி அல்ல. ஆனாலும் அந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசன் வேறு ஓர் ஏவலாளைத் தேடிப்பிடித்துப் பழியைப் போட்டு முடிக்கவில்லை. தேர் யாருடையதோ அவரிடம் போய் நின்றது குற்றம். அவனுடைய சிலை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

நம் நீதிமன்றங்களுக்குச் சட்டம் தந்த இங்கிலாந்திலும் இதற்கு நெருக்கமான ஒரு பழைய வழக்கம் இருந்தது. 'டியோடாண்ட்' என்பார்கள். ஓர் உயிரைப் பறித்த பொருள், அது வண்டியோ காளையோ, அல்லது அதன் விலை, அரசுக்குச் சேர வேண்டும். ரயில் வரும்வரை யாரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. 1841 டிசம்பர் 24 அன்று ரெடிங் நகருக்கு அருகே சோனிங் பள்ளத்தில் மண் சரிந்து ரயில் ஒன்று மோதியது. செத்தவர்கள் மூன்றாம் வகுப்பின் திறந்த பெட்டிகளில் இருந்தவர்கள். அவர்களில் பலர் கல்தச்சர்கள். லண்டனில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மரண விசாரணை ஜூரிகள் அந்த எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் ஆயிரம் பவுன் தண்டம் விதித்தார்கள்.

ரயில் கம்பெனிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1846இல் அதே நாடாளுமன்றம் டியோடாண்டை ஒழித்தது. அதே ஆண்டு, இறந்தவரின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று இன்னொரு சட்டம் இயற்றியது. குடும்பங்களுக்கு இது நல்லதுதான். ஆனால் மரணத்துக்குக் காரணமான கம்பெனி, குற்றம் என்ற கணக்கிலிருந்து கடன் என்ற கணக்குக்கு மாற்றி எழுதப்பட்டது. இந்தியாவுக்கு இந்தச் சட்டம் 1855இல் வந்தது. அடுத்த ஆண்டு ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. இங்கே கம்பெனியின் எஞ்சின் வருவதற்கு முன்பே அந்தக் கணக்கு மாற்றம் வந்து சேர்ந்துவிட்டது.

1860இல் இந்திய தண்டனைச் சட்டம். அதன் 11ஆவது பிரிவு, 'நபர்' என்ற சொல் கம்பெனியையும் குறிக்கும் என்கிறது. அதாவது கம்பெனியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சொல் முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது என்ற 304அ பிரிவு 1870இல் சேர்ந்தது. இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சைக்கிள்காரரை இடித்த லாரிக்கும், லிஃப்ட் குழியை மூடாத கட்டடத்துக்கும் இதே பிரிவுதான். 2024 ஜூன் 30 வரை, 154 ஆண்டுகள், அந்த இரண்டு ஆண்டு மாறவே இல்லை.

சொல் இருந்தும் கம்பெனி ஏன் கூண்டில் ஏறவில்லை? 1962இல் பம்பாயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். எளிதில் பற்றும் பொருள்கள் குவிந்திருந்த அறையிலேயே, உரிம விதிகளுக்கு மாறாக, அடுப்புகளை எரியவிட்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அடுப்பை அங்கே வைக்க அனுமதித்ததற்காக மேலாளரின் தண்டனை நின்றது. மரணங்களுக்காக 304அ பிரிவில் அவர் தண்டிக்கப்படவில்லை. நீதிமன்றத்தின் பார்வையில் தீயின் நேரடிக் காரணம், டர்பென்டைனை அவசரமாக ஊற்றிய ஒரு தொழிலாளியின் கை. அப்போது மேலாளர் அந்த இடத்திலேயே இல்லை.

கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று கேட்டால், பணியிடத்தில் அது எப்போதும் தொழிலாளியின் கையாகத்தான் இருக்கும். அல்லது மேஸ்திரியுடையதாக. முதலாளி அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதே அவருக்குக் காப்பு.

*

எங்கள் பகுதிக்குக் கம்பெனி புதிதல்ல. குரோம்பேட்டை என்ற ஊரின் பெயரே ஒரு தோல் கம்பெனியிலிருந்து வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் காசநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984இல் தொடங்கியது. காலை நேரத்தில் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கும் பெண்களின் கூட்டத்தைப் பார்த்தால், இந்த ஊர் யார் உழைப்பில் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் கம்பெனிக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எங்களுக்கு அப்பட்டமாகக் காட்டியது மௌலிவாக்கம்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. கட்டட வேலையில் அது சம்பள நாள். மாலை மழை. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் பிரைம் சிருஷ்டி நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த 'டிரஸ்ட் ஹைட்ஸ்' குடியிருப்பின் 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். ஸ்ரீகாகுளம், விஜயநகரம், ஒடிசா, நம் தென்மாவட்டங்கள் என்று பல இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களில் கணவனும் மனைவியுமாக வேலைக்கு வந்தவர்கள் உண்டு. இடி விழுந்ததால்தான் சரிந்தது என்று முதலில் ஒரு பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் அரசு ஒருநபர் ஆணையம் அமைத்தது. நிறுவனத்தின் உரிமையாளர்களும் பொறியாளர்களும் கைதானார்கள். சரியாமல் நின்ற பக்கத்துக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதை எல்லாத் தொலைக்காட்சிகளும் நேரலையில் காட்டின. மௌலிவாக்கம் விழுந்து எட்டு நாளில், ஜூலை 6 அன்று, திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில் கிடங்குச் சுவர் ஒன்று தொழிலாளர் குடிசைகள்மேல் விழுந்து 11 பேர் இறந்தது பலருக்கு நினைவில்கூட இல்லை.

61 பேர் செத்தால் உரிமையாளர் கைதாவார். ஒரே ஒரு சித்தாள் செத்தால்? அப்போது வேலை செய்வது அன்றாடச் சட்டம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996இல் தனிச் சட்டம் வந்தது. வாரியம், நலநிதி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் பாதுகாப்பு விதிகளை மீறினால் தண்டனை, மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்து மாடிக்கு லிஃப்ட் குழிகளை மறைக்கும் தடுப்பின் விலை அந்த அபராதத்தைவிட அதிகம்.

தொழிற்சாலையில் நிலைமை ஒரு படி மேல். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்பெனி நடத்தும் ஆலைக்கு அதன் இயக்குநர்களில் ஒருவரே பொறுப்பாளர், மேலாளரைக் காட்டித் தப்ப முடியாது என்றார்கள். ஆனால் மரணத்துக்குக் குறைந்தபட்ச அபராதமாக அவர்கள் வைத்தது 25,000 ரூபாய். 2010 அக்டோபர் கடைசி நாளில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் எந்திரத்தில் சிக்கி உயிரிழந்தபோதும் புத்தகத்தில் இருந்த தொகை அதுதான்.

கட்டுமானத்தில் இயக்குநரிடம் போவதற்கு முன்பு ஒரு படிவரிசையையே ஏற வேண்டும். நிறுவனம், அதற்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே மேஸ்திரி. அந்தப் படியின் அடியில் நிற்பவள் சித்தாள். சிற்றாள் என்ற சொல்தான் சித்தாள் ஆயிற்று. ஆண் உதவியாளர் பெரியாள். அவர் ஒருநாள் கொத்தனார் ஆவார், பிறகு மேஸ்திரி ஆவார். பெண்ணோ பதினெட்டு வயதிலும் சித்தாள், அறுபதிலும் சித்தாள். வேலையின் பெயரிலேயே அவளை வளரவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறது மொழி.

மாணவியின் வீட்டில் மேஸ்திரியின் வருகைக் குறிப்பேட்டைப் பார்த்தேன். சித்தப்பா தானாகவே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. அதற்கு நேரே, ஒவ்வொரு நாளின் கட்டத்திலும், '2' என்று எழுதியிருந்தது. அம்மா அந்த இரண்டில் ஒன்று. பதினோரு ஆண்டுகள் சென்னையின் தெற்கு முழுக்கக் கட்டியவர், எந்தத் தாளிலும் பெயராக இல்லை. கம்பெனிக்குப் பெயர் உண்டு, பிடித்து நிறுத்த உடல் கிடையாது. அவருக்கு உடல் இருந்தது, பதிவேட்டில் பெயர் கிடையாது. ஒரு குற்றம் நிரூபணமாக இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் காலி.

நஷ்டஈட்டின் கணக்கிலும் இது தொடர்கிறது. 1923இல் தொடங்கிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் சூத்திரம்: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. 2020 முதல் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். ஒரே குழியில் மாதம் 15,000 வாங்கும் ஆணும் 12,000 வாங்கும் பெண்ணும் விழுந்தால், அவர் உயிருக்கு 13,81,275 ரூபாய், இவர் உயிருக்கு 11,05,020 ரூபாய். உயிரோடு இருந்தபோது குறைத்துக் கொடுத்த கூலி, செத்த பிறகும் 2,76,255 ரூபாயாகக் குறைகிறது. அவர் வீட்டில் கூலியில்லாமல் செய்த வேலை எந்தப் பக்கத்திலும் வரவே இல்லை. மாணவியின் குடும்பத்துக்கு இதுவும் கிடைக்கவில்லை, மூன்று லட்சத்தோடு முடிந்தது.

*

இந்தியாவில் ஒரு கம்பெனி மரணங்களுக்காகக் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டதே இல்லையா? உண்டு. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் நச்சுவாயு கசிந்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பத்தாண்டு வரை தண்டனைக்குரிய பிரிவில் இருந்த குற்றச்சாட்டை 1996இல் உச்ச நீதிமன்றம் அதே 304அ பிரிவுக்கு இறக்கியது. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பு: ஏழு அதிகாரிகளுக்கு இரண்டாண்டு சிறை, யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனிக்கு ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் அபராதம். அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் இங்கே ஒருநாளும் விசாரணைக்கு நிற்காமல் 2014இல் இறந்தார்.

25 ஆண்டுகள் அந்த வழக்கைச் சாகவிடாமல் வைத்திருந்ததில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுதுபொருள் தயாரிக்கும் கூடத்தில் வேலைபார்த்த ரஷீதா பீயும் சம்பா தேவி சுக்லாவும் பெண் தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். 1989இல் போபாலிலிருந்து தில்லிக்கு நடந்தே போனார்கள். கார்பைடை டௌ கம்பெனி வாங்கிய பிறகு, கையில் துடைப்பத்தோடு அதைத் தேடிப் போனார்கள். பெயர் மாறினால் குற்றம் மறைந்துவிடாது என்பதை அந்தத் துடைப்பங்கள் சொல்லின.

அதே காலத்தில் நீதிமன்றங்களில் வேறொரு வாதம் நடந்துகொண்டிருந்தது. கட்டாயச் சிறைத் தண்டனை உள்ள குற்றத்தில் கம்பெனியை விசாரிக்க முடியுமா, கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே? முடியாது என்றது 2003இல் ஒரு தீர்ப்பு. முடியும், அபராதம் மட்டும் விதிக்கலாம் என்றது 2005இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில். கம்பெனிக்குக் குற்ற எண்ணமும் இருக்கக்கூடும் என்றது 2010இல் இன்னொரு தீர்ப்பு. மூன்றும் எதைப் பற்றிய வழக்குகள் என்று தேடினேன். முதலாவது வருமான வரி, இரண்டாவது அந்நியச் செலாவணி, மூன்றாவது முதலீட்டு மோசடி. பணம் தொலைந்தபோது கம்பெனிக்கு மனம் உண்டு என்று நம் சட்டம் கண்டுபிடித்தது. லிஃப்ட் குழிகளில் அந்த மனத்தை யாரும் தேடவில்லை.

பிரிட்டனில் தேடினார்கள். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேப்ரூகா துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஒரு கப்பல், முன்கதவுகள் திறந்த நிலையிலேயே போய்க் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய ஊழியர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருக்கிறதா என்று கேப்டன் தெரிந்துகொள்ள ஒரு விளக்குகூட வைக்காத கம்பெனிமீதான வழக்கு 1990இல் விழுந்தது. கம்பெனியின் 'மூளை' என்று சொல்லத்தக்க எந்தத் தனிமனிதர்மீதும் முழுக் குற்றமும் நிற்கவில்லை என்பது காரணம். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் தொழிற்சங்கங்களும் விடவில்லை. 2007இல் கம்பெனி ஆட்கொலைச் சட்டம் வந்தது. இனி ஒரு தனிமனிதரைத் தேட வேண்டாம். மேல்மட்டம் வேலையை ஒழுங்குபடுத்திய விதமே மரணத்துக்குப் பெருங்காரணமாக இருந்தால், கம்பெனி குற்றவாளி. அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. இதோடு இன்னொன்றும் உண்டு: தான் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டதைக் கம்பெனியே ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றவை பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். பெரிய கம்பெனியின் மேல்மட்டத்தை எட்டுவது அங்கேயும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விளம்பர உத்தரவு என்ற யோசனையில் எனக்கு ஒரு விடை கிடைத்தது. கம்பெனிக்கு உடல் இல்லை என்பது உண்மைதான். அதன் பெயர்தான் அதன் உடல். பேருந்தின் முதுகில் எழுதி அது விற்பது அந்தப் பெயரை. வலிக்கும் இடமும் அதுவே.

*

பெண்ணியத் தோழிகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: சிறைகள் ஏழைகளாலும் தலித்துகளாலும் நிரம்பியிருக்கும் நாட்டில் இன்னும் தண்டனையா கேட்கிறாய்? நியாயமான கேள்வி. என் பதில், இப்போது நடப்பதும் தண்டனைதான், அது மேஸ்திரிக்குப் போகிறது. இழப்பீடு கொடுத்தால் முடிந்தது என்றால், அந்த உயிர் முன்கூட்டியே விலைபேசப்பட்ட செலவாகிவிடும். சிமென்ட், கம்பி, மணல், சித்தாள் என்று ஒரே பட்டியலில் போட்டுவிடலாம். 'இது தவறு' என்று அரசு தன் வாயால் சொல்லும் இடம் குற்றவியல் சட்டம் ஒன்றுதான்.

சட்டங்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் கவனக்குறைவு மரணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத பங்கை இறந்தவரின் வாரிசுகளுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். 2,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. ஆனால் ஏழாவது பகுதியில் மேஸ்திரியின் பெயர் மட்டும் இருந்தால், ஐந்தாண்டும் அவருக்குத்தான்.

1860 முதல் 'நபர்' என்ற சொல்லுக்குள் கம்பெனி இருக்கிறது. போபாலில் ஒரு கம்பெனி அந்தச் சொல்லின்படி தண்டிக்கப்பட்டும் இருக்கிறது. அதனால் காவல் நிலையத்தில் அந்தப் பெயரை எழுத எந்தச் சட்டமும் தடையாக இல்லை. பழக்கம்தான் தடை. எனக்கு இரண்டு கோரிக்கைகள். வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவள் பெயராகவே பதிவேட்டில் ஏற வேண்டும். பணியிட மரணத்தின் முதல் அறிக்கையில் நிறுவனத்தின் பெயர், முகவரி என்ற இடத்திலிருந்து குற்றம்சாட்டப்பட்டவர் என்ற இடத்துக்கு வர வேண்டும்.

அந்த ஆண்டு கடைசிப் பருவத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தினேன். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாசலில் நிற்கும் இடம் வந்தபோது அவள் எழுந்து கேட்டாள்: "கண்ணகிக்குப் போக வேண்டிய வாசல் எதுன்னு தெரிஞ்சிருந்துச்சும்மா. எங்களுக்கு அதுவே தெரியல."

வகுப்பு அமைதியாக இருந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, கரும்பலகையில் முதல் தகவல் அறிக்கையின் பகுதிகளை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன்.